கழற்றி மாட்டிய மூங்கில் கூடம்

போன வாரம் அனீஷா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனியின் சோதனைக்கூடம் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. கட்டடப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்களாம். நான் வந்து அவர்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம்.

“தலைப்பு ‘மூங்கில்: நாளைய கட்டடப் பொருள்’ மேடம். நல்லதாட்டு நாலு வார்த்தை பேசுங்க. நெகட்டிவா ஒண்ணும் வேண்டாம், கேட்டியளா?”

‘நாளைய’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வெப்ராளம் வந்துவிட்டது. எரிச்சலும் பதற்றமும் சேர்ந்து நெஞ்சுக்குள் கிடந்து முட்டுமே, அதற்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் அது நாளைய பொருள்தான். வேலையை விட்டு இறங்கிய அன்றைக்குக் கையில் கொடுத்த கேடயத்திலும் ‘நாளைய’ என்றுதான் பொறித்திருந்தார்கள். நடுவில் நாங்கள் போட்ட கூரைகளுக்குக் கீழே பிள்ளைகள் படித்து முடித்து வெளிநாட்டு வேலைக்கே போய்விட்டார்கள். இன்னும் நாளை விடியவில்லை.

“பேச வரல்ல. எழுதித் தருகேன். நெகட்டிவ் எது பாசிட்டிவ் எதுன்னு நீயே பிரிச்சுக்கோ” என்றேன்.

அதுதான் இது.

என் பெயர் கிரேஸ். வேதியியல் படித்துவிட்டு, மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தடியை, அதாவது ரப்பர் மரத்தை அறுத்த பலகையைப் பதப்படுத்துகிற யார்டில் மருந்துத் தொட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழிக்கு இந்தப்புறம் மூங்கில் கம்பெனி தொடங்கினபோது இங்கே வந்தேன். அந்த ஊர்க் காற்றில் துணியும் காயும் தடியும் காயும் என்று யாரோ முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. மேனேஜர் தாணு சாரிடம் வாங்கின ஏச்சுத்தான் பயிற்சி.

நாங்கள் செய்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் தங்கை மாப்பிள்ளைக்கே இன்றுவரை அது தெரியாது. நான் அந்தக் கம்பெனியில் இருந்த காலம் முழுவதும் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “கோழிக்கூட்டுக்கு நாலு கம்பு கெடைக்குமா?”

கம்பு இல்லை ஐயா. முற்றின மூங்கிலைத் துண்டு போட்டு, நெடுக்காகப் பிளந்து பட்டையாக்குவோம். மேல் தோலையும் உள்தோலையும் சீவி எடுப்போம். அந்தப் பட்டைகளைப் போரிக் மருந்து கலந்த நீரில் கொதிக்க வைப்போம். மூங்கிலுக்குள் இருக்கிற இனிப்புக்குத்தான் வண்டு வரும். கொதியில் இனிப்பு இறங்கிவிடும், மருந்து ஏறிவிடும். பிறகு சூளையில் உலர்த்தி, இழைத்து, பசை தடவி, அடுக்கி, பெரிய பிரஸ்ஸில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் பலகையாக, உத்திரமாக வெளியே வரும். அச்சில் வளைத்து அழுத்தினால் வளைவாகவும் வரும். தேக்கு வைத்தால் பேரன்தான் வெட்டுவான். மூங்கிலை நட்ட ஆளே வெட்டலாம், வெட்டின தூரில் மறுபடியும் முளைக்கும். பெருமை அவ்வளவுதான். ஆனால் ‘எல்லாம் இயற்கை, மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும்’ என்று கம்பெனி விளம்பரத்தில் போட்டார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பசை என்ன பனங்கருப்பட்டியா? உள்ளே பசை இருக்கிற பொருளை மண்ணில் போடாமல் எத்தனை காலம் உழைக்க வைக்கலாம், ஒரு இடத்தில் உழைத்ததை எப்படி இன்னொரு இடத்தில் உழைக்க வைக்கலாம் என்பதுதான் விஷயம். அதைச் சொன்னால் யாரும் கைதட்டுவதில்லை.

தாணு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள், அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி. சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் ‘கிரேஸு’. ‘கிரேஸ் மேடம்’ என்று கூப்பிட்டாரென்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இன்னொன்று, யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்தான். “எதை வச்சுச் சொல்லுக?”

ஒருநாள் பிரஸ்ஸிலிருந்து வந்த பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிரஸ் ஓட்டுகிற மணியன், “நல்லா ஒட்டியிருக்கு சார், ஏத்திரலாம்” என்றார். வெளியே லாரி நிற்கிறது. விற்பனைப் பிரிவு ஆள் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“எதை வச்சுச் சொல்லுக?”

“பாத்தாலே தெரியுதே சார்.”

“பாத்தா எனக்குந்தான் தெரியுது. கொதிச்ச பொறவு என்ன தெரியும்?”

அதுதான் எங்கள் சோதனை. பலகையின் ஓரத்திலிருந்து சின்னத் துண்டுகள் அறுத்து, கொதிநீரில் போட்டு, எடுத்து, உலர்த்தி, மறுபடியும் கொதிக்கவைத்து, பசைக் கோட்டில் வாய் பிளந்திருக்கிறதா என்று பார்ப்போம். கொஞ்சம் பிளந்திருந்தால்கூட அந்த அடுக்கு முழுவதும் நிற்க வேண்டியதுதான். நேரம் பிடிக்கிற வேலை. அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டி வைத்தாலும் தண்ணீர் கொதிநிலைக்கு மேலே சூடாகாது, இதை விற்பனைப் பிரிவுக்கு என்னால் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை. “மேடம், கொஞ்சம் வேகமா கொதிக்க வைக்கப்பிடாதா?” என்று வாரம் ஒருவர் கேட்பார். அன்றைக்கு லாரி காலியாகப் போயிற்று. மணியன் என்னோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. துண்டுகள் பிளக்கவில்லை, நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. அதற்காகத் தாணு சார் வருத்தம் தெரிவிப்பார் என்று மணியன் எதிர்பார்த்தார். “இப்ப தெரியும்லா?” என்று மட்டும் சொல்லிவிட்டு சார் போய்விட்டார்.

இனி அந்தக் கல்யாண மண்டபத்தின் கதைக்கு வருகிறேன்.

பூதப்பாண்டிப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், இப்போதும் நான் அந்த வழியாகப் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. ஊர்ச் சொத்தையும் கோயிலையும் பார்த்துக்கொள்கிறவரை அங்கே முதலடி என்பார்கள். முதலடியாக இருந்தவர் பகவதியப்பன் அண்ணாச்சி. மெயின்ரோட்டு ஓரம் வயலை மேடாக்கின இடத்தில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்ட நினைத்தார்கள். தோண்டத் தோண்ட உளைச் சேறு. கான்கிரீட் கூரையைத் தாங்க வேண்டுமானால் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கேட்டதும் மயங்கிப் போனார்கள். யாரோ எங்களைக் கை காட்டினார்கள். மூங்கில் வளைவு கனமில்லாதது, மேலே ஷீட் போட்டால் போதும்.

ஊர்க் கூட்டத்தில் தாணு சார் மாதிரிப் பலகையைக் கொடுத்தார். கை மாறிக் கை மாறிப் போயிற்று. பகவதியப்பன் அண்ணாச்சி அதை வாங்கக்கூட இல்லை.

“பாடை கட்டுகத தலைக்கு மேல கட்டிப்போட்டு, அதுக்குக் கீழ வச்சுத் தாலி கட்டச் சொல்லுகியளா?”

நான் மூங்கிலின் வலிமையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். தாணு சார் கையமர்த்தினார்.

“அண்ணாச்சி, கல்யாணப் பந்தலுக்கு என்னத்த நாட்டுகிய?”

“அது வேற.”

“எதை வச்சுச் சொல்லுகிய?”

அந்தக் கேள்விக்காக அண்ணாச்சி ஒத்துக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். உளைச் சேறுதான் அவரை ஒத்துக்கொள்ள வைத்தது. அதற்கும் ஒரு நிபந்தனை. வளைவுகளுக்குத் தேக்கு நிறம் அடிக்க வேண்டும், மூங்கில் என்று வெளியே மூச்சு விடக்கூடாது. அப்படியே ஆயிற்று. சுற்றுவட்டாரமே வந்து அண்ணாந்து பார்த்து, “தேக்குல இழைச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனது. எங்கள் கம்பெனி செய்ததிலேயே பெரிய வேலை, பெயரில்லாமல் நின்றது.

தாணு சார் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வளைவு காலூன்றுகிற இடத்திலும் உச்சியில் சேர்கிற இடத்திலும் இரும்புத் தகடும் போல்டும்தான், எல்லாம் வெளியே தெரிய வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை முறுக்கிப் பார்க்கலாம், என்றைக்காவது வேண்டுமானால் கழற்றவும் கழற்றலாம் என்றார். “மண்டபத்த யாரு சார் கழத்துவா? தலைச்சுமையாட்டுத் தூக்கிட்டுப் போகவா?” என்று அண்ணாச்சி சிரித்தார்.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அங்கே போனோம். உள்ளே நுழைந்த தாணு சார் வாசலிலேயே நின்றுவிட்டார். மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். சுவரோரம் பிவிசி பேனல். போல்டுகள் எல்லாம் பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்து மூடியாயிற்று. மேடைக்குப் பின்னால் ஏசி.

“அண்ணாச்சி, போல்டை மூடப்பிடாதுன்னு சொன்னேனே.”

“போட்டோவுல அசிங்கமாட்டுத் தெரியுதுன்னு பொண்ணு வீட்டுக்காரங்க சொல்லுகாங்க சார்.”

“ரொம்ப சந்தோஷம். நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்” என்றார் தாணு சார். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத்தான் தெரியும். அண்ணாச்சி பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். மண்டபத்தின் முன்பாதி ரோட்டுக்கு என்று குறித்தாயிற்று. ஊருக்கு உள்ளே வேறு இடம் இருந்தது. பழையதை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவு செய்து ஜேசிபியும் வரவழைத்துவிட்டார்கள். அந்த ஊர் நர்ஸ் ஒருத்தி எங்கள் சபைக்காரி. அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். தாணு சாரும் நானும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி முன்சுவரில் கைவைத்தாயிற்று.

“அண்ணாச்சி, இதைக் கழத்தி அங்க கொண்டு மாட்டலாம். அப்பிடித்தான் செஞ்சிருக்கு.”

“போங்க சார். பழைய தடிய வச்சுப் புது மண்டபமா? ஊரு சிரிக்கும்.”

“அப்ப இத என்ன செய்யப் போறிய?”

“வெறகுக்குப் போகும்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தேக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது இதே அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு நின்றவர். “தேக்காட்டு இருந்தா வெறகுக்குப் போடுவியளா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஜேசிபிக்காரரைப் பார்த்தார். அவரோ வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு வளைவைத் தட்டிப் பார்த்து, “இத ஒடைச்சா பாவம்லா” என்றார். என்ன காரணமோ, நாங்கள் மன்றாடினதற்கு அசையாத அண்ணாச்சி அந்த ஒரு வார்த்தைக்கு அசைந்தார். அண்ணாச்சியின் பேத்திக்கு முகூர்த்தம் குறித்திருந்தது, அது புது மண்டபத்தில் நடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கழற்றி மாட்டினால் அதற்குள் முடியும் என்று தாணு சார் கணக்குச் சொன்னதும் சம்மதித்தார்.

கழற்றின கதையை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது. போல்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஏணியில் ஏறி, காந்தத்தைப் பெயிண்டின் மேல் ஓட்டி, அது ஒட்டுகிற இடத்தில் சுரண்டினால் பட்டிக்குள்ளிருந்து போல்டின் தலை எட்டிப் பார்க்கும். ஸ்பேனர் பிடிக்காது, பெயிண்ட் இறுகியிருக்கும். ஒவ்வொரு போல்டுக்கும் நான் சொன்ன வார்த்தைகளை எங்கள் பாஸ்டர் கேட்டிருந்தால் சபையிலிருந்தே நீக்கியிருப்பார். ஆனாலும் கழன்றது. கிரேன் தூக்கி ஒவ்வொரு வளைவாகத் தரையில் படுக்க வைத்தபோது, உளியோ வாளோ படாமல் ஒரு கட்டடம் முழுதாகப் பிரிந்து கிடந்தது.

மேடைப் பக்கத்துக் கடைசி வளைவில்தான் வினை காத்திருந்தது.

அதன் கால்பக்கத்துப் பேனலைப் பெயர்த்ததும் நாற்றம் வந்தது. ஏசித் தண்ணீர் போகிற குழாயை வெளியே விடாமல் பேனலுக்கு உள்ளேயே அறுத்து விட்டிருந்தார்கள். எத்தனை முகூர்த்தம், எத்தனை வரவேற்பு, அத்தனைக்கும் சொட்டுச் சொட்டாக அந்த வளைவின் காலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே பெயிண்ட் பளபள என்று இருந்தது. அண்ணாச்சி முட்டியால் தட்டி, “கல்லு மாதிரி இருக்கு, பாருங்கம்மா” என்றார்.

தாணு சார் மடக்குக் கத்தியை என்னிடம் நீட்டினார்.

கத்தி முனையை மூங்கிலுக்குள் குத்தி மேலே நெம்பினால் நல்ல மூங்கிலில் நார் நீளமாகக் கிளம்பும், உரிந்துகொண்டே வரும். உளுத்துப்போனதில் பிஸ்கட் மாதிரிப் பொட்டென்று முறியும். முதலில் மற்ற வளைவுகளில் குத்தினேன். எல்லாவற்றிலும் நார் நீளமாக வந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் கத்தியைத் திருப்பிப் பிடித்தது. அப்புறம் கடைசி வளைவின் காலில் குத்தினேன். பொட். இன்னும் மேலே, பொட். இடுப்பு உயரத்தில் நல்ல நார் வந்தது, அண்ணாச்சி மூச்சு விட்டார். அதற்கும் மேலே குத்தினேன். பொட். பசை போகவில்லை, பசைக் கோட்டின் இருபுறமும் மூங்கில்தான் போயிருந்தது. ஈரம் நாரோடு ஏறி எங்கே நின்றது, எங்கே தாண்டிப் போயிற்று என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

“காலை அறுத்துட்டு, கான்கிரீட்டை ஒசத்தி வச்சா போராதா?” என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி.

“எது வரைக்கும் அறுக்கணும்னு எனக்குத் தெரியல்ல அண்ணாச்சி” என்றேன்.

புது வளைவு செய்யலாம். ஆனால் அந்த அச்சைப் பிரித்து வேறு வேலைக்குக் கொடுத்தாயிற்று. மறுபடியும் அச்சு கட்டி, அழுத்தி, சோதித்து முடிப்பதற்குள் முகூர்த்தம் தாண்டிவிடும். அந்த வளைவை விட்டுவிட்டால் இரண்டு வளைவுக்கு நடுவிலுள்ள ஒரு கட்டம் போய் மண்டபம் குட்டையாகும். பந்தியில் ஒரு வரிசை குறையும். நாஞ்சில் நாட்டில் பந்தியில் இடம் குறைந்தால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்குள் முதலாளிக்கு விஷயம் போய், அவர் காரில் வந்து இறங்கினார். டிவிக்காரர்களுக்குச் சொல்லியாயிற்றாம். ‘ஒரு உத்திரம்கூட வீணாகாமல் இடம் மாறிய மண்டபம்’ என்று தலைப்புக்கூட வைத்திருந்தார்.

“ஒரு வளைவுதானே தாணு. மேடைக்கு மேலதானே வருது. மத்ததெல்லாம் தாங்காதா?”

தாணு சார் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டாத குறையாகப் பணிவாகச் சொன்னார். “நீங்க சொன்னா தாங்கும் சார். மாட்டிருவோம். மேடைக்கு மேலங்கிறதினால மாப்பிள்ளையும் பொண்ணும் அதுக்கு நேர் கீழதான் இருக்கும். நீங்களும் குடும்பத்தோட வந்து மொதல் வரிசையில இருங்க சார்.”

முதலாளி என்னைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்லுகிய?”

என் கையில் கத்தி இருந்தது. இன்னொரு முறை குத்தி, முறிந்த துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரலால் நசுக்கினார். பொடியாயிற்று. கையைத் தட்டிவிட்டு, அந்த வளைவை ஒதுக்கச் சொன்னார்.

பகவதியப்பன் அண்ணாச்சிதான் பேசினார். என்னைப் பார்த்தே பேசினார். “எனக்கப் பேத்தி கல்யாணத்துல பந்தியச் சுருக்கினது நீங்கதாம்மா. இத நான் மறக்க மாட்டேன்.” குழாயை அறுத்தது யார், போல்டை மூடினது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பேத்தியை நினைத்துப் பேசுகிற மனுஷரிடம் என்னத்தைக் கேட்க? விழுங்கிக்கொண்டேன். அது இன்னும் செரிக்கவில்லை.

மண்டபம் ஒரு கட்டம் குறைவாக எழுந்தது. ஒதுக்கின வளைவில் குத்திக் குத்திப் பார்த்து நல்லதாக நின்ற மேல்பாகத்தை அறுத்து, சாப்பாட்டு மேசைக்குப் பலகையாக்கினோம். கம்பெனி விளம்பரத்தில் ‘ஒன்றும் வீணாகவில்லை’ என்றே வந்தது. காலில் பொடியானதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கல்யாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. ஊர்முறைக்கு விட்டுவிட முடியாதே. ஐப்பசி மாதம். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்த நேரத்தில் மலைப்பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து இறங்கியது. அப்படி ஒரு காற்று. வாசலில் கட்டியிருந்த வாழைகள் சாய்ந்தன. பந்தலின் ஒருபக்கத்துத் துணி பிய்ந்து பறந்தது. வெளியே நின்றவர்கள் எல்லோரும் உள்ளே ஓடிவந்தார்கள். இடமில்லாமல் மேடை ஓரத்திலும் இலைகளுக்கு நடுவிலும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு தாய்மார், ஈரக் குடைகள், ஷீட்டின் மேல் மழைச் சத்தம். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை.

தாணு சாரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இலையில் அவியலும் எரிசேரியும் ஆறிக்கொண்டிருந்தன. அவர் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வளைவாக, கால், தோள், உச்சி என்று பார்த்துக்கொண்டு போனேன். காற்று ஒரு தள்ளுத் தள்ளும்போது வளைவுகள் லேசாக வாங்கிக்கொண்டன, விட்டுவிட்டு நேரே நின்றன. ஒன்றும் முனகவில்லை. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பகவதியப்பன் அண்ணாச்சி பந்தியின் நடுவில் நின்று, “அந்தப் பக்கம் பப்படம் வரல்ல பாரு” என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த மண்டபம் நிறைந்த கூட்டத்தில் மேலே பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

விளம்புகிறவர் வாளியோடு வந்து எங்கள் இலைகளைப் பார்த்தார். இரண்டிலும் சோறு தொடாமல் கிடந்தது. அவருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

“எலையப் பாத்துச் சாப்பிடுங்க சார், பந்திக்கு ஆளு நிக்கி. மேல என்னத்த வச்சிருக்கு?”

தாணு சார் கண்ணை இறக்கினார். என்னைப் பார்த்தார். சேர்ந்து வேலை செய்த காலத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது மிகவும் குறைவு. அன்றைக்குச் சிரித்தார்.

“ஒண்ணுமில்ல மக்கா” என்றார். “நீ சாம்பாரை ஊத்து.”